பாதி உறைந்த ஃப்ளேமிங் கார்ஜில் எங்கிருந்து தூண்டில் போடுவது?

அமெரிக்காவின் யூட்டா, வயோமிங் மாநிலங்களின் எல்லையில், கிரீன் ஆற்றின் குறுக்கே 1964இல் கட்டி முடிக்கப்பட்ட அணையின் பின்னால் தேங்கும் ஃப்ளேமிங் கார்ஜ் நீர்த்தேக்கம் ஏறத்தாழ 146 கிலோமீட்டர் நீளமுடையது. குளிர்காலத்தில் மீன்பிடிக்க வருபவரைக் குழப்புவது இந்த நீளம்தான். வடக்கே வயோமிங் பக்கத்தில் ஏரி அகலமாகவும் ஆழம் குறைவாகவும் இருப்பதால் அப்பகுதி முதலில் உறைகிறது. தெற்கே, அணையை ஒட்டிய செம்பாறைப் பள்ளத்தாக்கில் ஆழம் 130 மீட்டர் அளவுக்குப் போகிறது. நீர் தன் உச்ச அடர்த்தியை எட்டும் 4 டிகிரி செல்சியஸுக்கு அத்தனை ஆழமும் குளிர்ந்த பிறகே மேற்பரப்பு உறையத் தொடங்கும் என்பதால், அங்கே பனித்தளம் பிடிப்பதற்குள் குளிர்காலத்தின் பெரும்பகுதி கழிந்துவிடும். சில ஆண்டுகளில் அது முழுமையாகப் பிடிப்பதே இல்லை. இவ்விரண்டுக்கும் நடுவில் உள்ள லூசர்ன், லின்வுட், ஷீப் கிரீக் போன்ற குடாக்களில், டிசம்பருக்கும் ஏப்ரலுக்கும் இடையே ஏதேனும் சில வாரங்கள் ஏரி பாதி நீராகவும் பாதி பனிக்கட்டியாகவும் நிற்கும்.

அந்த வாரங்களில் ஏரிக்கு வருபவருக்கு நடைமுறையில் நான்கு வழிகள் உண்டு: மிதவை டியூபில் அமர்ந்து திறந்த நீரில் இறங்குவது, அதே நீரில் சிறிய பான்டூன் படகில் செல்வது, கரையிலேயே நின்று தூண்டில் வீசுவது, பனித்தளம் தாங்கும் இடம் வரை வடக்கே போய் அல்லது தாங்கும் நாள் வரை காத்திருந்து துளையிட்டுப் பிடிப்பது. ஐந்தாவதாக, ஏரியை விட்டுவிட்டு அணைக்குக் கீழே ஓடும் ஆற்றுக்குப் போவதும் உண்டு. இவற்றில் எதைத் தேர்ந்தெடுப்பது என்பதை மீன் எங்கே இருக்கிறது என்ற கேள்வியிலிருந்து தொடங்குவதே பலருடைய வழக்கம். பனிக்கட்டி எங்கே இருக்கிறது, காற்று திரும்பினால் அது எங்கே போகும், அப்போது நாம் எப்படிக் கரையேறுவோம் என்பதிலிருந்து தொடங்க வேண்டும் என்பது என் கருத்து. அப்படித் தொடங்கினால் விடை பெரும்பாலும் வேறாக வருகிறது.

மிதவை டியூபின் கவர்ச்சியை மறுக்க முடியாது. லாரி டியூபைத் துணியுறைக்குள் போட்டு நடுவில் ஓர் இருக்கையைத் தைத்த பழைய வடிவம், இன்று முன்பக்கம் திறந்த லாட வடிவமாக மாறியிருக்கிறது. அமர்பவரின் இடுப்புக்குக் கீழ்ப்பகுதி நீருக்குள் தொங்கும். காலில் மாட்டிய துடுப்புகளை உதைத்துப் பின்னோக்கிச் செல்வார். கைகள் இரண்டும் தூண்டில் கோலுக்கே உரியவை. முழுக் கருவியும் ஏழெட்டுக் கிலோவுக்குள் அடங்கும். படகுத்துறை பனியால் மூடிக் கிடந்தாலும் முதுகில் சுமந்துகொண்டு எந்தச் சரிவிலும் இறங்கலாம். மீன்களும் இந்தக் காலத்தில் டியூபுக்கு எட்டும் தொலைவிலேயே இருக்கின்றன. கோடையில் குளிர்ந்த நீரைத் தேடி ஆழத்துக்குப் போய்விடும் லேக் ட்ரௌட், ஏரி முழுவதும் 4 டிகிரியை ஒட்டி நிற்கும்போது ஆழத்தோடு கட்டுண்டு கிடக்க வேண்டிய அவசியமின்றி, பாறை முனைகளில் சில மீட்டர் ஆழத்துக்கும் வந்து திரிகிறது. 1988இல் யூட்டாவின் சாதனை எடையாகப் பதிவான 51 பவுண்டு 8 அவுன்ஸ் மீன், அதாவது 23 கிலோவைத் தாண்டிய ஒரு லேக் ட்ரௌட், இந்த ஏரியில் பிடிபட்டதுதான். ரெயின்போ ட்ரௌட்டோ பனித்தளத்தின் விளிம்பை ஒட்டியே உலவும். விளிம்பின் மேல் சிறு ஜிக்கை (ஈயத் தலையுள்ள தூண்டில் கொக்கி) வீசி, அதை மெதுவாக இழுத்து நீருக்குள் விழவைத்து, விழும் போதே கடி வாங்குவது இந்தப் பருவத்துக்கே உரிய இன்பம். அதை ஏரிப் பக்கமிருந்து செய்ய டியூபைப் போல் எளிய கருவி வேறில்லை.

ஆனால் அந்த விளிம்புதான் சிக்கலும். கோடையில் டியூபில் செல்பவருக்குக் காற்று ஒரு திசையில் பகை, மறு திசையில் நட்பு: ஏரியிலிருந்து கரையை நோக்கி வீசினால், உதைக்கும் வலுவை இழந்தவரையும் அது கரையில் கொண்டுவந்து சேர்த்துவிடும். பாதி உறைந்த ஏரியில் இந்த நட்புத் திசை பொய்யாகிவிடுகிறது. கரையிலிருந்து ஏரியை நோக்கி வீசும் காற்று, கரையோரப் பனித்தட்டுகளை அப்பால் தள்ளி, இறங்குவதற்கு அழகான திறந்த நீரை உருவாக்கித் தரும்; இறங்கியவரையும் அதே காற்று அதே பனிக்கட்டியை நோக்கித் தள்ளும். மாறாக, ஏரியிலிருந்து கரைக்கு வீசும் காற்று மனிதரை மட்டும் கொண்டுவராது; பிரிந்து மிதக்கும் தட்டுகளையும் சேர்த்துக் கொண்டுவந்து, அவருக்கும் கரைக்கும் நடுவில் அடைத்துவிடும், அல்லது கரையோடு வைத்து நசுக்கும். துடுப்பை உதைத்து ஒருவர் நெடுநேரம் தொடர்ந்து செல்லக்கூடிய வேகம் மணிக்கு இரண்டு, மூன்று கிலோமீட்டர்தான். சுமாரான காற்றில் நகரும் பனித்தட்டைச் சுற்றிவர அது போதாது. ஆகவே, தட்டுகள் மிதந்து நகரும் நிலையில் டியூபுக்கு உகந்த காற்றுத் திசை என்று ஒன்று இல்லை. காற்றே இல்லாமை மட்டும்தான் உண்டு. பனித்தளம் இருபுறக் கரைகளையும் பிடித்துக்கொண்டு அசையாமல் நிற்க, அதன் முன் திறந்த நீர் தெளிவான எல்லையோடு கிடக்கும் குடாக்களில் இந்தக் கணக்கு சற்றுத் தளரும். அங்கே கரையை நோக்கி மெல்லிய காற்று வீசினால் பழைய நட்பு திரும்பிவிடுகிறது.

பின்னோக்கிச் செல்வது என்பதும் இங்கே ஒரு குறையாகிறது. போகும் திசையைப் பார்க்காமல் போகிறவர், ஒரு விரல் அளவுகூடத் தடிமனில்லாத புதுப் பனிப்படலத்துக்குள் முதுகால் புகுந்துவிடலாம். நடப்பவரைத் தாங்காத அந்தப் படலம், உதைப்பவரை நிறுத்தும் அளவுக்கு வலுவுள்ளது. உடைந்தாலோ அதன் ஓரம் நைலான் உறையைக் கீறும் கூர்மையுடையது. மதியம் திறந்திருந்த நீர், காற்றடங்கி வெயில் சாய்ந்த பிறகு விரைவாகப் படலம் பிடிக்கும்; அந்தப் பக்கமாகச் சென்றவர் திரும்ப வேண்டிய வழியும் அதுவே. பனித்தளத்தின் விளிம்பில் ஏறி நடந்து வந்துவிடலாம் என்று எண்ணுபவர், துடுப்புகளோடும் இடுப்பைச் சுற்றிய மிதவையோடும் ஒரு விளிம்பின் மேல் ஏறிப் பார்த்திருக்க மாட்டார். விளிம்புதான் பனித்தளத்தின் மிக மெல்லிய பகுதி என்பதையும் மறந்துவிடக் கூடாது.

டியூபுக்குள் இருக்கும் காற்றின் அழுத்தத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், ஏனெனில் இதைப் பெரும்பாலானோர் பொருட்படுத்துவதில்லை. 20 டிகிரி வெப்பமுள்ள அறையில் ஊதிய டியூபை 2 டிகிரி நீரில் இறக்கினால் உள்ளிருக்கும் காற்றின் முழு அழுத்தம் ஏறத்தாழ 6 விழுக்காடு குறையும். அது சிறிதாகத் தோன்றும். ஆனால் மிதவை டியூப் வெளிக்காற்றைவிட ஓரிரு பவுண்டு அழுத்தமே கூடுதலாகக் கொண்டிருப்பதால், அந்தக் கூடுதல் விறைப்பில் பாதிக்கு மேல் போனாலும் வியப்பில்லை. விறைப்பு குறைந்தால் இருக்கை தாழும், உடல் இன்னும் சில அங்குலம் நீருக்குள் இறங்கும், உதைப்பதும் கடினமாகும். டியூபைக் கரையோர நீரில் பத்து நிமிடம் மிதக்கவிட்டு, பிறகு மீண்டும் ஊதி விறைப்பாக்கிவிட்டு ஏறுவதே சரியான முறை.

இனி உடலின் பக்கம். காற்றைவிட நீர் ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்துகிறது. டியூபில் அமர்ந்தவரின் இரு கால்களும் இடுப்பும் மணிக்கணக்கில் அந்த நீரில் இருக்கின்றன. உடல் முழுவதும் விழுந்துவிட்டால் என்ன ஆகும் என்பதை, மேனிடோபா பல்கலைக்கழகத்தின் கார்டன் கீஸ்பிரெக்ட் 1-10-1 என்று சுருக்கிச் சொல்லியிருக்கிறார்: மூச்சுத் திணறலை அடக்க ஒரு நிமிடம், கைகால்கள் பயன்படும்படி இயங்கப் பத்து நிமிடம், உடல் வெப்பம் குறைந்து நினைவிழக்கும் வரை சுமார் ஒரு மணி நேரம். இதில் பலர் அஞ்சுவது கடைசி எண்ணைத்தான். ஆனால் டியூபில் இருப்பவரைக் கொல்லக்கூடியவை முதல் இரண்டுமே. உயிர்காப்பு அங்கி அணியாதவர் மூச்சுத் திணறும் அந்த முதல் நிமிடத்தையே கடக்காமல் போகலாம். அணிந்தவரும் கரையேறும் வழியைப் பத்து நிமிடத்துக்குள் முடித்தாக வேண்டும். கரையிலிருந்து எவ்வளவு தொலைவு போகலாம் என்பதற்கு நான் வைத்திருக்கும் அளவுகோல் இந்தப் பத்து நிமிடம்தான். டியூபின் வேகத்தில் அது முந்நூறு முதல் ஐந்நூறு மீட்டர் என்று தாளில் வரும். விரல் மரத்தவருக்கும் காற்று எதிர்ப்பவருக்கும் அதில் பாதியைக்கூட நம்ப முடியாது என்பதால் நூறு மீட்டருக்கு அப்பால் போவதை நான் ஏற்பதில்லை.

ஆடையில் 5 மில்லிமீட்டர் நியோப்ரீன் என்னும் நுரை ரப்பரால் ஆன மார்பளவு நீர்புகாக் கால்சட்டையே இந்த வேலைக்கு ஏற்றது. காற்றோட்டமுள்ள மெல்லிய துணியில் தைத்தவை நீரை மட்டுமே தடுக்கும். வெப்பத்தைக் காப்பது அவற்றினுள் அணியும் கம்பளியும் ஃபிளீசும்தான், அவையும் நீரின் அழுத்தத்தில் ஒட்டிப்போய்க் காப்பை இழக்கும். நியோப்ரீன் தன் குமிழ்களாலேயே காப்பதோடு, கொஞ்சம் மிதக்கவும் செய்யும். காலுறைகளை இரண்டு மூன்றாக அடுக்கிக் காலணிக்குள் திணிப்பவர், இறுக்கத்தால் இரத்த ஓட்டத்தைக் குறைத்து, குளிரைத் தாமே வரவழைத்துக்கொள்கிறார். ஒரு கூடுதல் அளவுக் காலணி இரண்டு கூடுதல் காலுறைகளைவிட மேல். இன்னொன்று, நூல்களில் நாகரிகம் கருதி விடப்படுவது: குளிரும் நீரின் அழுத்தமும் சேர்ந்து சிறுநீர் சுரப்பைக் கூட்டும். அப்படியிருக்க, உயிர்காப்பு அங்கியையும் மார்பளவு நியோப்ரீனையும் கரையேறிக் கழற்றி மாட்டுவது ஒவ்வொரு முறையும் கால் மணி நேரத்தைத் தின்னும். அதற்குப் பயந்து நீர் அருந்தாமல் இறங்குபவர் விரைவில் சோர்ந்து குளிருக்கு ஆளாகிறார்.

பான்டூன் படகு இந்தக் குறைகளில் சிலவற்றைத் தீர்க்கிறது. இரண்டு காற்றுக் குழாய்களின் மேல் உலோகச் சட்டமும் இருக்கையும் கொண்ட இந்தப் படகில் உடல் நீருக்கு மேலே இருக்கும், கணுக்கால் மட்டுமே நனையும். கைத்துடுப்பு வலித்தால் டியூபைவிட இரு மடங்குக்கு மேல் வேகம் கிட்டும். எனினும் முப்பது கிலோவை ஒட்டிய அதன் எடையை உறைந்த சரிவில் ஒருவர் தனியே இறக்க முடியாது, விலையும் டியூபைப் போல் இரண்டு மூன்று மடங்கு. உயரமாக அமர்ந்திருப்பதால் காற்று அதைக் கூடுதலாகப் பிடிக்கும். துடுப்பைப் பிடித்திருக்கும் கை தூண்டிலைப் பிடிக்க முடியாது. வலிக்கும்போது தெறிக்கும் நீர் துடுப்பின் தண்டிலும் கையுறையிலும் உறைவது தொல்லை. ஏற்கெனவே பான்டூன் வைத்திருப்பவர், துணைக்கு ஒருவருடன் வந்தால், டியூபைவிட அதையே இறக்கலாம். குளிர்காலத்துக்கென்று புதிதாக வாங்கும் செலவு தேவையற்றது.

கரையில் நிற்பதைப் பலர் வேறு வழியில்லாதவரின் வழியாகக் கருதுகின்றனர். இந்த ஏரியில், இந்தப் பருவத்தில், அந்தக் கருத்து தவறு. டியூப் தரும் நன்மை என்பது, கரையிலிருந்து எட்டாத நீரை எட்டுவது. ஆனால் குளிர்காலத்தில் மீனே கரைக்கு வருகிறது. ஆழம் சட்டென்று இறங்கும் பாறை முனையில் நிற்பவரின் முப்பது மீட்டர் வீச்சு மூன்று மீட்டர் ஆழத்தையும் பதினைந்து மீட்டர் ஆழத்தையும் ஒருசேரத் துழாவிவிடும். பள்ளத்தாக்குப் பகுதியில் அத்தகைய முனைகளுக்குக் குறைவில்லை. கரையில் இருப்பவர் நடக்கலாம், தீ மூட்டலாம், வெந்நீர் குடிக்கலாம், காற்று திரும்பினால் வண்டியில் ஏறிக்கொள்ளலாம். கோலின் வளையங்களில் பனி உறைந்து தூண்டில் நரம்பு ஓடாமல் நிற்பது மட்டும் கரைக்காரருக்குச் சற்றுக் கூடுதல் தொல்லை, ஏனெனில் அவர் ஒவ்வொரு முறையும் நெடுந்தொலைவு வீசி ஈர நரம்பை முழுவதும் இழுத்தாக வேண்டும். கோலை ஏரி நீருக்குள் முக்கி எடுத்தால், உறைநிலைக்கு மேல் இருக்கும் அந்த நீரே பனியைக் கரைத்துவிடும். கரையின் உண்மையான குறை வேறு: அணையின் நீர்மட்டம் ஏறி இறங்குவதால் கரையோரப் பாறைகள் மேல் மெல்லிய பனிக்கண்ணாடி படிந்திருக்கும். காலணிக்கு அடியில் முள்தகடு கட்டாமல் அங்கே நடப்பது, டியூபில் இறங்குவதற்குக் குறையாத ஆபத்து.

பனித்தளத்தில் துளையிட்டுப் பிடிப்பது, பாதி உறைந்த நிலைக்கு விடை சொல்வதைவிட அந்த நிலையைத் தவிர்ப்பதாகும். தெளிந்த புதுப் பனிக்கட்டி 10 சென்டிமீட்டர் தடிமன் இருந்தால் நடப்பவரைத் தாங்கும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு. பனித்தூள் கலந்து வெளுத்த கட்டிக்கு அதைப்போல் இரு மடங்கு வேண்டும். ஒரே குடாவில் வாய்ப்பகுதியில் இந்தத் தடிமன் இல்லாமலும் உட்பகுதியில் இருந்தும் விடலாம். நீர்த்தேக்கம் என்பதால் மட்டம் இறங்கும்போது கரையோரத்தில் தளம் முறிந்து, உள்ளே உறுதியாகவும் ஓரத்தில் நொறுங்கியும் நிற்கும். ஆகவே கடப்பாரையால் குத்திச் சோதிக்கும் வேலை முதல் அடியிலேயே தொடங்க வேண்டும், விழுந்தால் பனிக்கட்டியில் குத்தி மேலேறக் கழுத்தில் கூர்முனைக் கைப்பிடிகள் தொங்க வேண்டும். இவற்றைச் செய்பவருக்குக் கிடைப்பது, ஈரமில்லாத உடல், செங்குத்தாக எந்த ஆழத்தையும் எட்டும் தூண்டில், இரவிலும் தொடரும் வாய்ப்பு. இரவு என்றதும் நினைவுக்கு வருவது பர்பட். இந்த ஏரியில் சட்டத்துக்குப் புறம்பாக வந்து சேர்ந்த இம்மீன், குளிர்கால இரவுகளில் பனித்தளத்தின் கீழ்ச் சுறுசுறுப்பாக இரை தேடும். பிடித்தவர் அதை உயிரோடு திரும்ப விடக் கூடாது என்பது யூட்டாவின் விதி. உண்பதற்கு மிகச் சுவையான மீன் என்பதால் விதியைப் பின்பற்றுவதில் யாருக்கும் வருத்தமிருப்பதாகத் தெரியவில்லை.

அணைக்குக் கீழே உள்ள ஆற்றைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. ஆழத்திலிருந்து வெளிவரும் நீர் என்பதால் டச் ஜான் ஊரை அடுத்த பகுதி குளிர்காலத்திலும் உறையாமல் ஓடுகிறது. அணையிலிருந்து லிட்டில் ஹோல் வரை ஏறத்தாழ 11 கிலோமீட்டருக்குக் கரையோரப் பாதையும் உண்டு. லேக் ட்ரௌட்டைத் தேடி வந்தவருக்கு அது மாற்றாகாது. நாள் வீணாகாமல் பிரௌன் ட்ரௌட் கிடைத்தால் போதும் என்பவருக்கு அது நல்ல அடைக்கலம்.

ஆகவே என் தேர்வு மாதத்தைப் பொறுத்து மாறுகிறது. டிசம்பரில், குடாக்கள் உறையத் தொடங்கும் நாட்களில், ஒவ்வோர் இரவும் பனித்தளம் வளர்கிறது. மாலையில் படலம் பிடிக்கும் நீரில் டியூபை இறக்க எந்தக் காரணமும் போதுமானதல்ல, கரையே சரி. ஜனவரியிலும் பிப்ரவரியிலும் வடக்கே துளையிடுவதற்கு நிகராக வேறு எதுவுமில்லை. தெற்கே திறந்த நீர் எஞ்சியிருந்தால், அங்கே மறுபடியும் கரை. மார்ச் பாதிக்குப் பிறகுதான் டியூபின் முறை வருகிறது. பனித்தளம் சிதைந்து பின்வாங்கும் அந்நாட்களில் பகல் நீள்கிறது, ஆழம் குறைந்த நீர் வெயிலில் முதலில் சூடேறுகிறது, ரெயின்போ ட்ரௌட் அங்கே கூடுகிறது. அதே நாட்களில்தான் தட்டுகள் அதிகம் பிரிந்து மிதக்கின்றன என்பதால், டியூபை நான் ஏற்பது இந்த நிலையில் மட்டும்: பனித்தளம் மறுகரைப் பக்கம் பிடித்து நிற்க வேண்டும் அல்லது அறவே போயிருக்க வேண்டும், காற்று அடங்கியிருக்க வேண்டும், இறங்கும் இடத்தில் கரை சரிவாக இருக்க வேண்டும், நூறு மீட்டருக்குள் வேலை முடிய வேண்டும், தூண்டில் போடாமல் பனிக்கட்டியையே பார்த்துக்கொண்டு கரையில் ஒருவர் இருக்க வேண்டும். பின்னோக்கிச் செல்பவருக்குக் கண் அவர்தான். அவர் கையில் மிதக்கும் கயிறு ஒன்றும் எறிவதற்கு ஆயத்தமாக இருப்பது நல்லது. கயிற்றை முன்கூட்டியே டியூபில் கட்டிவிடுவதை நான் விரும்புவதில்லை, நகரும் தட்டு ஒன்று அதன் மேல் ஏறினால் காக்க வந்த கயிறே இழுத்துச் செல்லும். காலை பதினொரு மணிக்கு முன் இறங்க வேண்டாம், மூன்று மணிக்கு மேல் நீரில் இருக்க வேண்டாம். தனியாக வந்திருப்பவர் டியூபை வண்டியிலிருந்து இறக்கவே வேண்டாம்.